போடி ரயில் வந்து ஒரு வருடம்: யாருக்கு வேலை கிடைத்தது?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு (போடி) அகலப்பாதை ரயில் வந்து 2024 ஜூன் 15-உடன் ஒரு வருடம் முடிகிறது. போன வாரம் தேனியில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: "ரயில் வந்தா ஊருக்கே வேலை வரும்னாங்க. எனக்குத் தெரிஞ்சு ஸ்டேஷன் வாசல்ல நாலு ஆட்டோவுக்குத்தான் வேலை வந்திருக்கு." அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மதுரை – போடிநாயக்கனூர் பாதை 90 கிலோமீட்டர். 1928-ல் போட்டது. 2010 கடைசியில் அகலப்பாதையாக மாற்றுவதற்காக மீட்டர் கேஜ் (குறுகிய பாதை) வண்டியை நிறுத்தினார்கள். 2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரை சோதனை ஓட்டம் நடந்தது. தேனி வரை பயணிகள் ஏறியது 2022 மே மாதம், போடி வரை 2023 ஜூன். தேனி வரையிலான 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

இவ்வளவு பணம் இறங்கியிருக்கிறது. இதனால் மாவட்டத்தில் வேலை வந்ததா, வருமா? "வளர்ச்சி" என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். உங்கள் கடையில், உங்கள் தெருவில் என்ன மாறியது என்று சொல்லுங்கள்.

கமிஷன்மண்டி

நான் போடியில் ஏலக்காய் கடையில் கணக்கு எழுதுகிறவன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சரக்கு விஷயத்தில் ரயிலால் எங்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

காரணம் எளிது. ஏலக்காய் எடை குறைவு, விலை அதிகம். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மூட்டை ஒன்று ஒரு லட்சம். 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதே, அப்போது ஒரு மூட்டை மூன்றரை லட்சம். அந்த மூட்டைக்கு லாரி வாடகை முந்நூறு ரூபாய் குறைந்தால் என்ன, கூடினால் என்ன? சரக்கு பத்திரமாக, சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பார்சல் லாரிக்காரர் கடை வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறார். ரயில் என்றால் நான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், இறங்குகிற ஊரில் ஒருவர் வந்து எடுக்க வேண்டும்.

மாறியது ஆள் போக்குவரத்துதான். ஏலம் எடுக்க வருகிறவர்கள், தரம் பார்க்க வருகிறவர்கள் இப்போது சென்னை வண்டியில் ராத்திரி ஏறிக் காலையில் போடியில் இறங்குகிறார்கள். ஆனால் அது வாரத்துக்கு மூன்று நாள்தான். ஏலம் அந்த மூன்று நாளையும் பார்த்து நடப்பதில்லையே.

கணக்குப்பிள்ளை

இழை நன்றாகத் தொடங்கியிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் படிக்க நேரம் கிடைக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சாலை, ரயில் போட்டால் வேலை பெருகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் பெருகும் என்று கேட்டால் பேச்சு குழம்பிவிடும். இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கட்டும்போது கிடைக்கிற கூலி வேலை ஒன்று. பாதை ஓடத் தொடங்கிய பிறகு அதைச் சுற்றி வரும் கடை, ஆட்டோ, விடுதி இன்னொன்று. மூன்றாவதுதான் பெரியது: ஊர்க்காரன் எட்டிப் பிடிக்கிற தூரத்துக்குள் எத்தனை வேலைகள் வந்து விழுகின்றன என்பது.

ஆஷர், நோவோசாட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. கிராமத்துக்குப் புதிதாகத் தார்ச்சாலை வந்து நாலு வருடம் கழித்துப் பார்த்தால் விளைச்சல், வருமானம், சொத்து எதிலும் பெரிய மாற்றம் இல்லை. தெளிவாகத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான்: விவசாயக் கூலியாக இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அதாவது சாலை வேலையை ஊருக்குக் கொண்டுவரவில்லை, ஆட்களை வேலை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது.

இன்னொரு பக்கம் டேவ் டொனால்ட்சன். வெள்ளைக்காரன் காலத்து ரயிலை எடுத்துக்கொண்டு, 1870 முதல் 1930 வரைக்கும் கணக்குப் பார்த்தார். ரயில் எட்டிய மாவட்டத்தில் விவசாய வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்தது என்பது அவர் முடிவு. அன்றைக்கு ரயிலுக்கு மாற்று என்ன? மாட்டுவண்டி. இன்றைக்கு மாற்று லாரியும் பேருந்தும். அதே 16 சதவீதத்தை இன்றைய போடி ரயிலிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கொட்டகுடி_காற்று

மாட்டுவண்டி என்றதும் எங்கள் ஊர்க் கதை ஞாபகம் வருகிறது.

மூணாறு பக்கம் தேயிலை ஏற்ற 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். 1908-ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து வண்டி கட்டிப் போடிக்கு. 1924 வெள்ளத்தில் மேலே இருந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. நாலு வருடம் கழித்து 1928-ல்தான் கீழே போடிக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. எங்கள் ராசி அப்படி.

அதோடு முடியவில்லை. 1942-ல் யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று போடிப் பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டது 1953–54-ல். ஆக இந்தப் பாதை நின்றுபோய்த் திரும்பி வந்தது இது இரண்டாவது தடவை.

சக்கம்பட்டித்தறி

ஆண்டிபட்டியிலிருந்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை சார் சொன்ன மூன்றில் முதலாவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

கணவாய்ப் பக்கம் பாறையை உடைத்துப் பாதையை அகலப்படுத்தினார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் ஜல்லி லாரி ஓட்டினார்கள், ஒருவர் மண் வேலைக்கு ஆள் விட்டார். ஆனால் அது தொடர்ந்து வந்த வேலை இல்லை. ஆறு மாதம் ஓடும், அப்புறம் "பண்டு வரலை" என்று மிஷினை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மறுபடி ஒரு வருடம் கழித்து வருவார்கள். லாரி வாங்கிய ஒருவர் தவணை கட்ட முடியாமல் விற்றுவிட்டார்.

எங்கள் தறித் தொழிலுக்கு வருகிறேன். சேலைக் கட்டு ஏலக்காய் போல இல்லை, எடை உண்டு, லாபம் கம்மி. சென்னை வண்டி திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் என்றுதான் போகிறது. எல்லாம் ஜவுளி வாங்குகிற, விற்கிற ஊர்கள். நான் இரண்டு தடவை கட்டோடு ஏறிப் பார்த்தேன். வண்டி நின்று கிளம்புகிற நேரத்துக்குள் நானும் பையனும் நாலு கட்டை ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு கட்டு கதவில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த ஒருவர் இழுத்துப் போட்டார், புண்ணியவான். மூன்றாம் தடவை லாரியிலேயே போட்டுவிட்டேன்.

உசிலை_ஷேர்ஆட்டோ

டீக்கடைப் பெரியவர் சொன்ன நாலு ஆட்டோவில் ஒருவன் போல நானும் உசிலம்பட்டியில் ஓட்டுகிறேன். ரயில் வந்து நிற்கிற அரை மணி நேரம்தான் எங்களுக்கு ரயில். மீதி நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டு சவாரிதான்.

கட்டணம் குறைவு என்பது நிஜம். கொரோனாவுக்குப் பிறகு குறைந்த கட்டணத்தை 30 ரூபாயாக்கி வைத்திருந்ததை 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ரூபாயாகக் குறைத்தார்கள். அதற்கப்புறம் கூட்டம் கூடியிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

வைகைக்கரையான்

அப்படியானால் மக்கள் ஏறத் தயாராகத்தான் இருக்கிறார்கள். பிறகு எங்கே இடிக்கிறது?

ஏலக்காய்மகள்

நேரத்தில் இடிக்கிறது, அண்ணா.

தினசரி ஓடும் வண்டி ஒன்றுதான். அது காலை எட்டு மணிக்கு மேல் மதுரையில் கிளம்பி இந்தப் பக்கம் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேனியிலிருந்து மதுரைக்குத் திரும்பும். யாருக்கு வசதி? மதுரையில் குடியிருந்து தேனியில் ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கு. தேனியிலோ ஆண்டிபட்டியிலோ இருந்துகொண்டு மதுரையில் வேலை பார்க்க, படிக்க, ஆஸ்பத்திரி போக நினைப்பவருக்கு அந்த வண்டியால் எந்தப் பயனும் இல்லை. ராத்திரி ஏழரை மணிக்கு மேல் மதுரையில் இறங்கி நான் எந்த வேலைக்குப் போவது?

நான் மதுரை நாகமலைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் போடி. ரயில் போகிற வழியில்தான் பல்கலைக்கழகம், வடபழஞ்சியில் எல்காட் ஐ.டி. பூங்கா எல்லாம் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குப் போடியில் ஒரு வண்டி, சாயங்காலம் ஆறரைக்கு மதுரையில் ஒரு வண்டி இருந்தால் நான் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே வந்துபோவேன். என் அறையில் இருக்கும் மூன்று பேரில் இரண்டு பேர் தேனி மாவட்டம்தான்.

முல்லையாறு

தங்கச்சி சொன்னதுதான் விஷயம். தண்டவாளத்தைப் போட்டாகிவிட்டது, போதுமான வண்டி விடவில்லை.

போன மாதம் போடி ஸ்டேஷன் பக்கம் மத்தியானம் போனேன். காலையில் வந்த பெட்டிகள் வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு தடவை மதுரை போய்த் திரும்பியிருக்கலாமே என்று தோன்றியது.

பழைய_கேங்மேன்

தம்பி, பெட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு ஓட்டலாமே என்பது சுலபம். பெட்டி மட்டும் போதாது. இன்ஜின், அதற்கு ஓட்டுநர், கார்டு, அவர்களுடைய பணி நேரம், ஓய்வு நேரம் எல்லாம் கணக்கு உண்டு. மதுரையில் பிளாட்பாரம் காலியாக இருக்க வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மதுரை ஜங்ஷனில் புதிதாக ஒரு வண்டியை நுழைப்பது ஊசி முனையில் நூல் கோப்பது மாதிரி. ஒற்றைப் பாதை வேறு, எதிர் வண்டிக்கு எங்கே வழி விடுவது என்று பார்க்க வேண்டும்.

முடியாது என்று சொல்லவில்லை. முடியும். ஆனால் 500 கோடி செலவு செய்த பிறகு அதை ஓட்டுவதற்கு வருடா வருடம் ஆகும் செலவை யார் கேட்டு வாங்குவது? புதுப் பாதைக்குக் கொடி அசைக்க ஆள் வரும். கூடுதல் வண்டிக்குக் கூட்டம் கூடாது.

கணக்குப்பிள்ளை

கேங்மேன் அண்ணன் சொன்ன கடைசி வரியை நான் என் பாஷையில் சொல்கிறேன். மூலதனச் செலவுக்கு ஒரு மவுசு உண்டு, நடைமுறைச் செலவுக்கு இல்லை. ஆனால் வேலைவாய்ப்பு என்பது இரண்டாவதிலிருந்துதான் வருகிறது. தேனியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மதுரையை எட்டலாம் என்றால், அந்தப் பெண் விண்ணப்பிக்கக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை பல மடங்காகிறது. மதுரைக் கம்பெனிக்காரருக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் வட்டம் பெரிதாகிறது. வேலை நேரத்துக்கு வண்டி இல்லாவிட்டால் இது எல்லாம் காகிதத்தில்தான்.

சக்கம்பட்டித்தறி எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது. பணத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் என்ன ஆகும்? பாதையில் 80 சதவீதம் முடிந்தால் 80 சதவீதப் பலன் வராது. கடைசிக் கண்ணி சேரும்வரை சுழிதான். 2020-ல் உசிலம்பட்டி வரை தயாரான தண்டவாளத்தில் 2022 மே வரை பயணி ஏறவில்லை. நடுவில் கொரோனாவும் வந்தது, அதை மறக்கவில்லை. ஆனாலும் அதற்குமுன் போன ஒன்பது வருடத்துக்கு கொரோனாவைச் சொல்ல முடியாது. அந்த வருடங்களில் ஊர்க்காரர்கள் பேருந்துக்கும் வேனுக்கும் பழகிவிட்டார்கள். பழக்கத்தை மாற்ற இனி வண்டி இரண்டு மடங்கு நன்றாக ஓட வேண்டும்.

சும்மா_ஒருத்தன்

எதற்கு இவ்வளவு பேச்சு? அந்த 500 கோடியில் எத்தனை பேருந்து வாங்கியிருக்கலாம்? பேருந்து தெருவுக்குள் வரும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ரயில் என்பது ஆசை, தேவை இல்லை.

முல்லையாறு

பேருந்தைக் குறை சொல்லவில்லை. நான் கம்பம்காரன், எங்களுக்கு ரயிலே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரை பாதை வேண்டும் என்று என் தாத்தா காலத்திலிருந்து மனு கொடுக்கிறோம். திராட்சை, வாழை, காய்கறி எல்லாம் சாலையில்தான் போகிறது. புறவழிச்சாலை வந்த பிறகு உத்தமபாளையம், சின்னமனூர் நெரிசலில் மாட்டாமல் போக முடிகிறது. திராட்சைக்காரனுக்கு அது பெரிய விஷயம். பன்னீர் திராட்சை தோல் மெலிசு, வெயிலில் ஒரு மணி நேரம் லாரி நின்றால் அடிப்பெட்டி கசிந்துவிடும். புவிசார் குறியீடு கிடைத்தது சந்தோஷம்தான். ஆனால் குறியீடு பழத்தைக் கசியாமல் காப்பாற்றாதே.

வாழைக்கு வேறு கணக்கு. ஆந்திராவில் தாடிபத்திரியிலிருந்து 2020 ஜனவரியில் குளிர் கண்டெய்னர்களில் வாழையை ஏற்றி, ரயிலில் மும்பைப் பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஒரே வண்டியில் 43 கண்டெய்னர். அங்கே பழம் பொதியும் கூடம், குளிர்க்கிடங்கு, வாங்குகிற ஏற்றுமதிக்காரர் எல்லாம் இருந்ததால் ரயில் பிரயோஜனப்பட்டது. எங்கள் பக்கமும் ஏற்றுமதி வாழை இருக்கிறது, ஆனால் அது லாரியில்தான் போகிறது. தேனியில் சரக்கு ஏற்றும் மேடையும் குளிர்க்கிடங்கும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தால், அங்கே பெட்டி கட்டுகிற, தரம் பிரிக்கிற வேலை நம் ஊர்ப் பெண்களுக்குத்தான் வரும். தண்டவாளம் மட்டும் இருந்தால் வராது.

கமிஷன்மண்டி

தரம் பிரிக்கிற வேலை என்றதும் சொல்கிறேன். எங்கள் கடையில் சல்லடையில் சலித்து எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரித்து, உடைந்ததையும் வெளிறியதையும் கையால் பொறுக்கி எடுக்கிறவர்கள் எல்லாம் பெண்கள். தரையில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க. போடியில் வேலைவாய்ப்பு என்றால் முதலில் இதுதான். இந்த வேலை இங்கே இருப்பதற்குக் காரணம் போடிமெட்டுச் சாலை. 17 கொண்டை ஊசி வளைவில் காய் இறங்கி வருகிற முதல் பெரிய ஊர் நாங்கள். இப்போது போடிமெட்டு – மூணாறு சாலையையும் அகலப்படுத்திவிட்டார்கள். அது ஏல வியாபாரத்தை மலைமேலேயே இழுத்துக்கொள்ளுமா, இல்லை இன்னும் நிறைய காயைக் கீழே அனுப்புமா என்று கடைத்தெருவில் தினமும் பட்டிமன்றம்தான். சாலை இரண்டு பக்கமும் ஓடும், அதுதான் சிக்கல்.

ஏலக்காய்மகள்

மண்டி அண்ணா, அந்தக் காயை எடுக்கப் போகிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். என் அம்மா அதில் ஒருத்தி.

காலை நாலு மணிக்கு எழுந்து சோறு ஆக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்குத் தெருமுனைக்கு வந்துவிட வேண்டும். ஜீப் வரும். உட்காரும் இடத்தைவிட ஆள் அதிகம். பின்பக்கம் கடைசியில் உட்கார்ந்தால் வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், அம்மா உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. மழை நாளில் தார்ப்பாய் ஒழுகும். மலையில் எட்டு மணி நேர வேலை, திரும்பி வீட்டுக்கு வர ஆறு மணி ஆகும். எந்த அமைச்சரும் கொடி அசைக்காமல் ஓடுகிற போக்குவரத்து இது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் எல்லா ஊரிலிருந்தும் தினமும் ஜீப் ஏறுகிறது.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன ஆய்வு இதுதான் போலிருக்கிறது, சாலை ஆட்களை வேலைக்குக் கொண்டுபோகிறது என்று. கொண்டுபோகிறது, சரி. எப்படிக் கொண்டுபோகிறது என்பதையும் யாராவது ஆய்வு செய்தால் தேவலை. நல்ல இருக்கை போட்ட இரண்டு மினி பேருந்து காலை ஐந்து மணிக்குப் போடிமெட்டுக்கு ஏறினால் எவ்வளவு செலவாகும்? சும்மா ஒருத்தன் அண்ணன் பேருந்து கேட்டாரே, அவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

சும்மா_ஒருத்தன்

கணக்குத் தெரியாது, தங்கச்சி. ஆனால் நீங்கள் சொன்ன பேருந்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். காலை ரயிலுக்கும் போடுகிறேன், போதுமா?

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சி ரயிலைக் கொண்டுவந்தது என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய்ப் போடுங்கள்.

வைகைக்கரையான்

சரி, மனு எழுதலாம் என்று நினைக்கிறேன். ஒன்று: காலை போடியிலிருந்து மதுரைக்கும், மாலை மதுரையிலிருந்து போடிக்கும் ஒரு வண்டி. இரண்டு: சென்னை வண்டி தினமும். மூன்றாவதாக ஆண்டிபட்டியில் பார்சல் ஏற்ற நேரம் கேட்கலாமா? கேங்மேன் அண்ணே, இதில் எது நடக்கிற காரியம்?

பழைய_கேங்மேன்

முதலாவதை மட்டும் கேள். மூன்றையும் கேட்டால் மூன்றையும் ஒரே கவரில் போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். மனுவோடு ஆள் கணக்கு வை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடியில் எத்தனை பேர் தினமும் மதுரைக்கு வேலைக்கும் படிப்புக்கும் பஸ் ஏறுகிறார்கள் என்று நீங்களே ஒரு வாரம் நின்று எண்ணுங்கள். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை எண்ணினால் போதும்.

உசிலை_ஷேர்ஆட்டோ

உசிலம்பட்டி என் பொறுப்பு. அந்த நேரத்துக்கு எப்படியும் ஸ்டாண்டில்தான் இருப்பேன்.

சக்கம்பட்டித்தறி

ஆண்டிபட்டிக்கு என் பையனை நிறுத்துகிறேன். பார்சல் விஷயத்தை மறந்துவிட வேண்டாம், அப்புறமாவது கேளுங்கள்.

ஏலக்காய்மகள்

போடியில் எண்ணுவதற்கு அம்மாவிடம் கேட்டேன், ஜீப்புக்கு நிற்கும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் யார் யார் போகிறார்கள் என்று பார்க்கச் சொல்லி. "ரயிலு மலைக்கு ஏறாது, என்னை எதுக்கு எண்ணச் சொல்ற"ன்னு கேட்டாங்க. பிறகு, "திங்கக்கிழமை ஆள் கம்மி, செவ்வாயிலிருந்து எண்ணு"ன்னு அவங்களே சொன்னாங்க. செவ்வாயிலிருந்து தொடங்குவோம்.